எதிர்காலத் தொடர்வினையும் பன்னிரண்டு கட்டங்களும்

ஆங்கில வினைச்சொல்லை மாணாக்கருக்குக் கற்பிக்கப்புகும் பள்ளி இலக்கணநூல்கள் பலவற்றிலே பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை முதலிடம் பெறுகின்றது. இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்னுங் காலம் மூன்றும் ஒரு பக்கத்தே நிற்கும். தனிநிலை, தொடர்நிலை, முற்றுநிலை, முற்றுத் தொடர்நிலை என்னும் நிலை நான்கும் மறுபக்கத்தே நிற்கும். மூன்றை நான்காற் பெருக்கப் பன்னிரண்டு. எதிர்காலமும் தொடர்நிலையும் சந்திக்குங் கட்டத்தில் ‘ஐ ஷல் பீ றைட்டிங்’ என்னும் வாய்பாடு எழுதப்பட்டிருக்கும். அதற்கு நேரே ‘நான் எழுதிக்கொண்டிருப்பேன்’ என்று ஆசிரியர் தமிழ் எழுதிக்கொடுப்பார். யாழ்ப்பாணத்து மாணாக்கன் இவ்விரு வரியையும் மனனஞ் செய்து பரீட்சையில் முழுப்புள்ளியும் பெறுகின்றான். அவனே அதிபருக்கு ஒரு விடுமுறைக் கடிதம் எழுதும்போது, அவர் முகஞ் சுளிக்கும்படி எழுதிவிடுகின்றான். கட்டத்தை நன்றாகக் கற்றவன் கடிதத்திலே தவறியது அவனுடைய சோம்பலாலன்று. அக்கட்டமே அவனை அவ்வழியிற் செலுத்திற்று.

இவ்வட்டவணை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். இலத்தீன் மொழியில் எதிர்காலம் வினையின் ஈற்றிலேயே அமைந்து கிடக்கின்றது. ‘அமாபோ’ என்னும் ஒரு சொல்லே ‘அன்புசெய்வேன்’ எனப் பொருள்படும். ஆங்கில வினைக்கு அத்தகைய ஈறு இல்லை. இறந்தகாலத்துக்கு ஒரு வடிவமும் அஃதல்லாதவற்றுக்கு ஒரு வடிவமுமே அம்மொழிக்கு இயல்பாக உள்ளன. எதிர்காலத்தைச் சொல்லவேண்டின் விருப்பத்தைக் குறித்த ‘வில்’, கடப்பாட்டைக் குறித்த ‘ஷல்’ என்னுந் துணைவினைகளை அது நாடுகின்றது. யோன் வாலிஸ் என்பவர் 1653இல் ஆங்கிலத்துக்கு இலத்தீன் மொழியிலே ஓர் இலக்கணம் எழுதி, எவ்விடத்தில் ‘ஷல்’, எவ்விடத்தில் ‘வில்’ என்று வரையறுத்தார். (முடிவிலியைக் குறிக்குங் குறியைக் கணிதத்துக்குத் தந்தவரும் அவரே.) 1795இல் லிண்ட்லி மறே வெளியிட்ட இலக்கணம் ஆறு காலங்களை வகுத்துப் பள்ளிக்கூடங்களெங்கும் பரவிற்று. தொடர்நிலையோ அக்காலத்தில் இன்னும் வளர்ந்துகொண்டிருந்த வழக்கு. ஷேக்ஸ்பியர் காலத்தில், ‘என்ன வாசித்துக்கொண்டிருக்கிறீர்’ எனக் கேட்கவேண்டிய இடத்திலும் தனிநிலை வினையே போதியதாயிருந்தது. ‘வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது’ என்பதற்கு நேரான ஆங்கில வாக்கியத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் கொச்சையென்று கடிந்த புலவர்கள் இருந்தார்கள். இவ்வாறு வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவையினால் எழுந்த வடிவங்களைப் பிற்காலத்தார் ஒரே சட்டத்துள் அடுக்கிக் கோடிட்டமையே பன்னிரண்டு கட்டங்களாம்.

ஒற்றோ எஸ்பெர்சன் என்னும் டென்மார்க்கு நாட்டறிஞர் 1924இல் வெளியிட்ட இலக்கணத் தத்துவ நூலில், ஆங்கிலத்துக்குத் தனியான எதிர்கால வினைவடிவம் ஒன்றில்லை எனத் துணிந்து வாதித்தார். குவேர்க்கும் அவர்தங் கூட்டாசிரியரும் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணமும், ஹடில்ஸ்ரன், புல்லம் ஆகியோர் 2002இல் வெளியிட்ட பேரிலக்கணமும் அம்முடிவையே வேறு வேறு நியாயங்களால் உறுதிசெய்தன. பேரிலக்கணங்களில் முடிந்த வழக்கு பள்ளிநூல்களில் இன்னும் முடிந்தபாடில்லை.

யாழ்ப்பாணத்துக்கு ஆங்கில இலக்கணம் வந்த வரலாறு நெடியது. அமெரிக்க மிஷனார் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி 1855 வரை நடைபெற்றது. அங்கு பயின்றவரும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவருமாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையே தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் 1868இல் பதிப்பித்தார். ஆறுமுக நாவலரும் பேர்சிவல் பாதிரியாரிடத்தில் ஆங்கிலம் பயின்றவர். பின்னர் மாணாக்கருக்கு இலக்கணச் சுருக்கம் இயற்றியவர். ஈரிலக்கணமும் கற்றவர்கள் இம்மண்ணில் அன்றே இருந்தனர். எனினும் வகுப்பறையில் அவ்விரண்டும் எதிரெதிரே வைத்து நோக்கப்படவில்லை. ஆங்கில ஆசிரியர் நெஸ்பீல்டின் நூலையும், 1930களில் முதன்முதல் வெளிவந்த றென், மார்ட்டின் இருவரின் நூலையும் கையில் ஏந்திச் சென்றார். தமிழாசிரியர் நன்னூலோடு அடுத்த அறைக்குச் சென்றார். இரண்டு அறைகளுக்குமிடையே இருந்த சுவர் இன்றும் இருக்கின்றது.

இனி, கட்டத்தினுள் அடங்கியிருப்பது யாதென ஆராய்வோமாயின், ஒரு பொருளன்று, குறைந்தது மூன்று பொருள்கள் அங்கே ஒண்டிக்கிடத்தல் புலப்படும்.

முதலாவது, வருங்காலத்து ஒரு கணத்தைச் சூழ்ந்து ஒரு தொழில் நடைபெறுதல். ‘நாளை யாழ்தேவி நிலையத்தை அடையும்போது பிள்ளைகள் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பார்கள்’ என்பது போல்வது. வண்டி வருமுன்னரே எழுதத் தொடங்கிவிட்டார்கள். வண்டி வந்தபின்னரும் எழுதுவார்கள். இவ்விடத்தில் ‘கொண்டிரு’ என்னுந் தமிழ் மிகப் பொருத்தமானது. அது மட்டுமன்று, தமிழ் வடிவம் ஆங்கில வடிவத்தின் அமைப்பையே விளக்கிக் காட்டவல்லது. ‘எழுதிக்கொண்டிருந்தேன், எழுதிக்கொண்டிருக்கிறேன், எழுதிக்கொண்டிருப்பேன்’ என்னும் மூன்றிலும் ‘எழுதிக்கொண்டு’ என்பது மாறவில்லை. காலங் காட்டுவது ‘இரு’ என்னுந் துணைவினையே. ஆங்கிலத்திலும் ‘றைட்டிங்’ மாறாது நிற்கக் காலங் காட்டுஞ் சுமையை ‘பீ’ என்னும் வினையே தாங்குகின்றது. தொழிலின் நிலை வேறு, தொழிலின் காலம் வேறு என்பதைத் தமிழ் மாணாக்கன் தன் வாய்மொழியிலேயே அறிந்திருக்கிறான். அவனுக்குப் பன்னிரண்டு காலங்கள் உண்டென்று சொல்லுதல், தெரிந்ததைத் தெரியாததாக்கும் வேலை.

ஆனால் இப்பொருத்தமும் எல்லா வினைகளுக்கும் ஒவ்வாது. மணமகள் வெள்ளைச் சேலை அணிந்து மண்டபத்தில் இருப்பாள் என்பதை ஆங்கிலேயர் ‘வில் பீ வெயரிங்’ என்று தொடர்நிலையிற் சொல்வர். கட்டத்தின்படி மொழிபெயர்த்தால் ‘சேலை உடுத்துக்கொண்டிருப்பாள்’ என்றாகும். அதைக் கேட்கும் எவரும் அவள் இன்னும் அறைக்குள்ளே கொய்யகம் மடிப்பதாகவே எண்ணுவர். தமிழ் வழக்கு ‘உடுத்திருப்பாள்’ என்பதே. அவ்வாறே ஆங்கிலேயர் ‘வில் பீ சிற்றிங்’ என்பதைத் தமிழர் ‘அமர்ந்திருப்பார்’ என்பர். மாணாக்கன் ‘உடுத்திருப்பாள், அமர்ந்திருப்பார்’ என்பவற்றைத் தன் அட்டவணையிற் பார்த்து முற்றுநிலைக் கட்டத்தைக் கண்டு, ‘வில் ஹாவ் வோர்ண்’, ‘வில் ஹாவ் சாற்’ என்று எழுதிவிடுகிறான். ஆசிரியர் சிவப்பு மையாற் கோடிடுகிறார். காரணஞ் சொல்லப்படுவதில்லை. உடுத்தல், அமர்தல், நிற்றல் ஆகியவற்றில் தொழில் முடிந்தபின் நிலைத்திருக்கும் நிலையைத் தமிழ் ‘இரு’ என்பதனாலும், ஆங்கிலம் ‘இங்’ என்னும் ஈற்றாலும் உணர்த்துகின்றன என்ற ஒரு வாக்கியம் போதும்; அவ்வொரு வாக்கியம் பள்ளி இலக்கணங்களில் அகப்படுவது அரிது.

யாழ்ப்பாணத்து வழக்குச் சொல்லொன்று இதனை இன்னுந் தெளிவாக்கும். இங்கு உறங்குவதை ‘நித்திரை கொள்ளுதல்’ என்பர். கட்டத்து வாய்பாட்டை அதனோடு பொருத்தினால் ‘நித்திரை கொண்டுகொண்டிருப்பான்’ என்று வரவேண்டும். அப்படி எவரும் பேசுவதில்லை. ‘நித்திரையாயிருப்பான்’ என்பதே வழக்கு.

இவ்வெடுத்துக்காட்டே இரண்டாவது பொருளுக்கு வழிகாட்டுகின்றது. ‘தம்பி இப்பொழுது நித்திரையாயிருப்பான்’ என்று தாய் சொல்லும்போது அவள் வருங்காலத்தைச் சொல்லவில்லை. காணாத நிகழ்காலத்தை ஊகித்துச் சொல்கின்றாள். ஆங்கிலத்திலும் ‘வில் பீ ஸ்லீப்பிங் நௌ’ என்று அவ்வாறே வழங்கும். ‘நௌ’ என்னும் சொல் எதிர்கால வாக்கியத்திலே எப்படி வரும் என்று மாணாக்கன் மலைக்கிறான். கூரறிவுடையவனாயின் அது பிழையென்று அடித்தும் விடுகிறான். தன் தாய் நாள்தோறுஞ் சொல்லும் வாக்கியமே அது என்பதை அட்டவணை அவனுக்கு மறைத்துவிட்டது.

தமிழிலக்கணம் இவ்விடத்திலே தடுமாறவில்லை. ‘செய்யும்’ என்னும் வாய்பாடு நிகழ்காலமும் எதிர்காலமுமாகிய இரண்டையும் ஏற்கும் என்று நன்னூலார் வெளிப்படையாக விதித்தார். முக்காலத்துக்கும் பொதுவாகிய இயற்கைப் பொருளை அப்பொதுச்சொல்லாற் சொல்லுக என்று தொல்காப்பியர் கூறினார். கடல் ஒலிக்கும், பனை நெடிது வளரும் என்பனவற்றில் எதிர்காலம் எங்கே? மேலும், வருங்காலத்தையும் நிகழ்காலத்தையும் விரைவு கருதி இறந்தகாலத்தாற் கூறலாம் என்றுந் தொல்காப்பியர் விதித்தார். உண்டுகொண்டிருப்பவன் வெளியே நின்று அழைக்குந் தோழனுக்கு ‘வந்துவிட்டேன்’ என்று விடைகூறுகின்றான். கை கழுவவுமில்லை, எழவுமில்லை. ‘இந்தா வந்திட்டன்’ என்னும் யாழ்ப்பாணத்துக் குரலும் அதுவே. நன்னூலார் இவற்றையெல்லாந் தொகுத்து, விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் நான்கு ஏதுக்களால் முக்காலமும் பிறழ்ந்து வரலாமென்று கால வழுவமைதி வகுத்தார். சொல்லின் வடிவம் காட்டுங் காலம் ஒன்று, பேசுவோன் கருதிய காலம் வேறொன்று. இரண்டும் வேறுபடுமிடத்துக் காரணங் காண்க என்பதே அவர்தம் நெறி. ஹோர்ண்பி 1954இல் வெளியிட்ட ஆங்கில வழக்கு நூலில் வினைவடிவத்தையும் காலத்தையும் வேறுபிரித்து நோக்கியமை பெரிதும் போற்றப்பட்டது. அப்போற்றுதல் தகும். ஆனால் புன்னாலைக்கட்டுவன் கணேசையரின் குறிப்புக்களோடு 1938இல் சுன்னாகத்தில் அச்சேறிய சேனாவரையத்தைக் கற்ற ஒருவருக்கு அது புதுமையாகத் தோன்றியிராது.

மூன்றாவது பொருளே மிக நுண்ணியது. தீங்கு விளைவதும் அவ்விடத்திலேதான்.

‘வில்’ என்னுந் துணைவினை பண்டைக்காலத்தில் விருப்பத்தைக் குறித்தது என மேலே கூறப்பட்டது. அவ்விருப்பத்தின் வாடை அச்சொல்லை விட்டு முற்றாக நீங்கவில்லை. ஆதலால் ‘வில் யூ கம்?’ என்று கேட்டால், வருவதற்கு இசைகின்றீரா என்னும் வேண்டுகோளாக அது ஒலிக்கின்றது. கேட்கப்பட்டவர் இசையவோ மறுக்கவோ கடமைப்படுகின்றார். ‘வில் யூ பீ கமிங்?’ என்று கேட்டாலோ, உமது ஒழுங்கில் வருவது இருக்கின்றதா என்று அறிய விரும்புவதாக மட்டும் ஒலிக்கின்றது. அவரை எதற்கும் நெருக்குவதில்லை. இங்கே ஒரு தொழில் இடைவிடாது நடைபெறுதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. விருப்பத்தின் வாடையை அகற்றுவதற்காகவே தொடர்நிலை அங்கு வந்துள்ளது. ஜெஃப்ரி லீச் 1971இல் வெளியிட்ட ஆங்கில வினைப்பொருள் நூலில், நிகழ்ச்சிகள் தம்போக்கில் வந்தமைதலை இவ்வடிவம் குறிக்கின்றது என விளக்கினார். நன்னூலார் சொன்ன ‘இயல்பு’ என்னும் ஏது இவ்விடத்தில் நினைவுக்கு வருதல் கூடும். நன்னூலார் கருதியது இதுவன்று. உரையாசிரியர்கள் அதற்குக் காட்டுவன பண்டு நடந்ததை எதிர்காலச் சொல்லாற் கூறும் வழக்குப் போல்வன. எனினும் அப்பெயரை இரவல் வாங்கி இதனை ‘இயல்பெதிர்வு’ எனலாம். மாணாக்கனுக்கு ஆங்கிலப் பெயர்களைவிட அது எளிதில் விளங்கும்.

இவ்விடத்தில் ‘கொண்டிருப்பீர்’ என்று மொழிபெயர்த்தல் நகைப்புக்கிடமாகும். ‘நாளைக் கூட்டத்துக்கு வந்துகொண்டிருப்பீர்களா?’ என்று யாரேனுங் கேட்டால், வழியில் எங்கே நிற்பீர் என்று வினவுவது போலிருக்கும். தமிழர் இத்தகைய இடத்தில் ‘நாளை வருகிறீர்களா?’ என்று நிகழ்காலத்தாற் கேட்பர். விடைபெறும் யாழ்ப்பாணத்தார் ‘போட்டு வாறன்’ என்னும்போது, வருவது நாளையாயினும் சொல் நிகழ்காலத்ததே. ஆங்கிலம் தொடர்நிலையாற் காட்டும் மென்மையைத் தமிழ் நிகழ்காலத்தாலும் பன்மையாலும் காட்டுகின்றது. இவ்வொப்புமை எந்தக் கட்டத்திலும் எழுதப்பட்டிருப்பதில்லை.

எதிர்மறையில் இவ்வேறுபாடு கத்திமுனை போலக் கூர்மையாகும். ‘ஐ வில் நொட் கம்’ என்பது பெரும்பாலும் மறுப்பாகவே கொள்ளப்படும். அதற்கு நேரான தமிழ் ‘வரமாட்டேன்’ என்பது. ‘ஐ வில் நொட் பீ கமிங்’ என்பது செய்தி மாத்திரம். அதற்கு நேரான தமிழ் ‘நாளைக்கு நான் வரவில்லை’ என்பது. ஊர்ப்பேச்சில் ‘நாளைக்கு வரேல்லை’ என்பர். வரமாட்டேன் என்பதற்கும் வரவில்லை என்பதற்கும் உள்ள வேற்றுமையைப் பத்து வயதுச் சிறுவனும் உணர்வான். அயல்வீட்டார் கலியாணத்துக்கு அழைக்கும்போது ‘வரமாட்டன்’ என்று சொல்லிய பிள்ளையைத் தாய் அதட்டுவாள்; ‘வரேல்லை, சோதனை இருக்கு’ என்ற பிள்ளையை அதட்டமாட்டாள். (‘மாட்டு’ என்னும் வினை பண்டு ஆற்றலையே குறித்தது, இன்று மறுப்புக்குரியதாயிற்று. சொற்களும் மனிதரைப்போல் வயதேறக் குணம் மாறுகின்றன.)

இத்துணை நுண்ணுணர்வுடைய பிள்ளை ஆங்கிலத்தில் விடுமுறைக் கடிதம் எழுதுகின்றது: நாளை நான் பாடசாலைக்கு வரமாட்டேன் என்னும் பொருள்பட, ‘வில் நொட் கம்’ என்று. இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. எழுத்துப்பிழையுமில்லை. ஆனால் ஆங்கிலச் செவிக்கு அது ஒரு சூளுரை. ‘ஷல் நொட் பீ அற்றென்டிங்’ என்று எழுதியிருந்தால் பணிவும் செய்தியும் ஒருங்கே அமைந்திருக்கும். பாடசாலையோடு இத்தவறு நின்றுவிடுமாயின் பெரிதன்று. நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்ட இளைஞன் திகதி மாற்றங் கேட்டு எழுதும் மடலிலும், கொழும்பு அலுவலகத்தில் மேலதிகாரிக்கு எழுதும் குறிப்பிலும், கடல்கடந்த நாட்டு நிறுவனங்களோடு பேசும் தொலைபேசியிலும் அதே ‘வில் நொட்’ தொடர்கின்றது. மறுமுனையில் இருப்பவர் இவனை இலக்கணம் அறியாதவன் என்று எண்ணுவதில்லை. அப்படி எண்ணினாற் பொறுத்துக்கொள்வார். பண்பறியாதவன் என்று எண்ணிவிடுகிறார். ஒருவன் மொழியிற் செய்த பிழை அவன் குணத்தின் பிழையாகக் கணிக்கப்படுவதினும் கொடிய தண்டனை யாது?

பழைய தலைமுறையினரும் இவ்வட்டவணையைத்தானே கற்றனர், அவர்கள் நன்றாக எழுதவில்லையா என்று வினவலாம். நியாயமான வினா. அவர்கள் கணிதத்தையும் பூகோளத்தையும் சரித்திரத்தையும் ஆங்கிலத்திலேயே கேட்டார்கள். பாடசாலை அறிவித்தல்களும் கடிதங்களும் அம்மொழியிலேயே இருந்தன. வழக்கு செவிவழியே அவர்களுக்கு வந்துசேர்ந்தது. அட்டவணை பரீட்சைக்கு மட்டும் பயன்பட்டது. அதிலிருந்த குறை அவர்களைத் தாக்கவில்லை. 1945ஆம் ஆண்டையொட்டிய கல்விச் சீர்திருத்தங்களின் பின்னர்த் தாய்மொழிவழிக் கல்வி படிப்படியாக மேல்வகுப்புக்களுக்கு ஏறிற்று. அது தகுந்த சீர்திருத்தமே. விஞ்ஞானத்தைத் தன் மொழியிற் கற்ற பிள்ளை அதனால் உயர்ந்தானேயன்றித் தாழவில்லை. ஆனால் ஆங்கிலம் நாளுக்கு ஒரு பாடவேளைக்குள் ஒடுங்கியபோது, செவிவழி வந்த வழக்கு நின்றுபோக, அட்டவணை ஒன்றே எஞ்சிற்று. முன்னர்த் துணையாக இருந்தது பின்னர் முழு ஆசானாயிற்று. ஆசானுக்குரிய தகுதி அதற்கு இல்லை.

பள்ளிப் பயிற்சிகளும் இக்குறையை வளர்க்கின்றன. ‘நாளை இந்நேரம்’ என்னுந் தொடரைக் கண்டால் தொடர்நிலை எழுதுக, ‘நாளை’ என்று மட்டும் கண்டால் தனிநிலை எழுதுக என்று மாணாக்கர் அடையாளங்களை மனனஞ் செய்கின்றனர். வெற்றிடத்தின் முன்னும் பின்னும் யார் யாரிடம் எதற்காகப் பேசுகின்றார் என்பது சொல்லப்படுவதில்லை. பேசுவோனும் கேட்போனும் இல்லாத வாக்கியத்தில் ‘வில் கம்’ என்பதும் ‘வில் பீ கமிங்’ என்பதும் ஒருங்கே சரியாகும். விடைத்தாளில் ஒன்றே சரியெனப்படும். நாற்பது பிள்ளைகளும் ஒரு கரும்பலகையும் உள்ள வகுப்பில் அட்டவணை நினைவுக்குத் துணைசெய்யும் என்பதை மறுத்தல் முறையன்று. றென், மார்ட்டின் நூலின் திருத்திய பதிப்பும், திட்டமிட்ட செயல்களுக்கும் இயல்பாக நிகழவிருப்பனவற்றுக்கும் இவ்வடிவம் வழங்குமென ஓரிரு வரி சேர்த்துள்ளது. அவ்வரிகளுக்குத் தமிழ் எழுதிக்கொடுக்கும்போதும் பழைய ‘கொண்டிருப்பேன்’ என்பதையே எழுதிவிட்டால் அவை சேர்ந்தும் சேராதனவே.

செய்யவேண்டிய மாற்றம் பெரிதன்று. புதிய நூலோ நிதியோ அதற்கு வேண்டியதில்லை. அக்கட்டத்துக்கு நேரே ஒரு தமிழ் வாக்கியத்துக்குப் பதிலாக நான்கு எழுதப்படட்டும்: பிள்ளைகள் அந்நேரம் எழுதிக்கொண்டிருப்பார்கள், மணமகள் வெள்ளைச் சேலை உடுத்திருப்பாள், தம்பி இப்பொழுது நித்திரையாயிருப்பான், நாளைக்கு நான் வரவில்லை. நான்கு தமிழ் வடிவமும் வெவ்வேறு. நான்கிற்கும் ஆங்கிலம் ஒன்றே. மாணாக்கன் முதலில் வியப்பான். பின்னர் ஏன் என்று கேட்பான். அக்கேள்விக்கு விடை அடுத்த அறையில் நன்னூல் நடத்தும் ஆசிரியரிடத்தில் இருக்கின்றது. ஆங்கில ஆசிரியர் ஒரு பாடவேளைக்கு அவரை அழைத்து வரலாம்.

முற்றுத் தொடர்நிலையின் எதிர்காலம், செயப்பாட்டுத் தொடர்நிலையின் எதிர்காலம் ஆகியவற்றை இங்கு ஆராயவில்லை. பின்னையது நூல்களில் இடம்பெறினும் ஆங்கிலேயர் வாயில் வருவது அரிது. அதனை மனனஞ் செய்யச் செலவாகும் நேரத்தை விடுமுறைக் கடிதத்துக்குக் கொடுக்கலாம்.